பூவேலை நெட்டு

எங்கள் பக்கத்தில் கல்யாண நெட்டு எடுக்கிறவர்கள் வேலூர் பஜாரில் போய் அலைய மாட்டார்கள். ஆம்பூரில் ரயில் கேட்டைத் தாண்டி, மசூதிச் சந்துக்குள் நுழைந்து, ரஃபத் ஜஹான் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். மாதா கோயிலில் மோதிரம் மாற்றப்போகிற பெண்ணின் தலைக்கு வெள்ளை முக்காடு தைத்துக் கொடுக்கிறவள் ஐந்து வேளை தொழுகிற பொம்பிளை. அதில் அவளுக்கும் பேஜார் இல்லை, இவர்களுக்கும் இல்லை. ஆரி ஊசியை எடுத்து உட்கார்ந்தால் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை, அவ்வளவுதான் விஷயம்.

பிலோமினா அந்த வீட்டுக்கு நெட்டு எடுக்கப் போவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை ஆறு வருஷத்துக்கு முன்னால், பெரிய மகள் ஸ்டெல்லாவுக்கு. இப்போது சின்னவள் ஜெனிஃபாவுக்கு. நடுவில் ஸ்டெல்லா செத்துப்போனாள். போன ஐப்பசி மழையோடு வந்த டெங்குக் காய்ச்சல், ஒன்பதே நாள். கலியாணமாகி ஐந்து வருஷம் கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டு பெற்ற பெண்குழந்தை, ஐந்து மாசக் கைக்குழந்தை, அதைப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது ஜெனிஃபாவைக் கட்டப்போகிறவன் அந்த ஸ்டெல்லாவின் புருஷன் ஏசுராஜ்தான். அதே மாப்பிள்ளை, அதே கோயில், அதே நெட்டுக்காரி. பெண் மட்டும் வேறு. சொல்லும்போதே நாக்கு கசக்கிறது. என்ன செய்ய, நடந்ததைத்தானே சொல்ல முடியும்.

ஏசுராஜ் கெட்டவன் என்றால் கதை சுலபமாகப் போயிருக்கும். அவன் தங்கமான மனுஷன். தோல்ஷாப்பில் தோல் பதப்படுத்துகிற டிரம் ஓட்டுகிறவன். சுண்ணாம்பும் மருந்தும் கலந்த வாசனை அவன் வருவதற்கு முன்னால் வந்து நிற்கும், நகக்கண் எல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். குடி கிடையாது, கை நீட்ட மாட்டான். வயசு முப்பத்தாறு. ஜெனிஃபாவுக்கு இருபத்து மூன்று. அவளைப் பள்ளிக்கூடத்துக்குத் தன் வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டவன். பரீட்சை அன்றைக்கு வாசலில் காத்திருந்து கமலாப்பழம் உரித்துக் கொடுத்தவன்.

இந்தக் கல்யாணத்தை ஆரம்பித்தது பிலோமினாதான். ஏசுராஜின் அக்கா ரெஜினா பள்ளிகொண்டாவில் இருக்கிறாள். தம்பிக்கு அங்கேயே ஒரு பெண் பார்த்துவிட்டாள் என்று காதுக்கு எட்டியது. அன்றிலிருந்து பிலோமினாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டெல்லாவைப் புதைத்துவிட்டு வந்த சாயங்காலத்திலிருந்து பாப்பா இவள் கையில்தான் வளர்கிறது. இருபது வருஷம் ஷூ கம்பெனியில், தோல் ஓரத்தைப் பசை தடவி மடிக்கிற மடிப்பு மேஜையில் வேலை பார்த்தவள், பாப்பாவுக்காக வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே உட்கார்ந்து கையால் ஷூ மேல்தோல் தைத்துக் கொடுக்கிறாள். முழங்காலுக்கு நடுவில் ஷூவை இடுக்கி, இரண்டு ஊசியில் மெழுகு நூலைக் கோத்து இழுக்கிற வேலை. பக்கத்தில் பாப்பா தோல் துண்டை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு கிடக்கும். அந்தக் குழந்தையை எவளோ ஒருத்தி கையில் தூக்கிக் கொடுப்பதா? ஸ்டெல்லாவின் மூக்கு, ஸ்டெல்லாவின் நெற்றி, எல்லாம் பள்ளிகொண்டாவுக்குப் போய்விட்டால் இவளுக்கு இங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

ஒருநாள் ஜெனிஃபா வேலை முடிந்து வந்து முகம் கழுவிவிட்டு உட்கார்ந்ததும், பிலோமினா பாப்பாவைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டு, ஏசுராஜைக் கட்டிக்கொள்ளும் விஷயத்தைச் சொன்னாள். ஜெனிஃபா ரொம்ப நேரம் பாப்பாவின் கால்விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமாவை நான் மாமான்னுதாம்மா பாத்துருக்கேன். வேற மாதிரி பாக்க எனக்கு வராது" என்றாள்.

"அப்ப பாப்பாவை எவளோ பாத்துக்கட்டும், நான் இன்னா பண்றது" என்றாள் பிலோமினா. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நிஜமான அழுகைதான். ஆனாலும் அந்த அழுகைக்கு எதிரில் ஒரு பெண் என்ன பேச முடியும்? ஜெனிஃபா அதற்குப்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கம்பெனியில் ஆறு மாச ட்ரெய்னிங்குக்குச் சென்னைக்கு அனுப்ப அவள் பேரை எழுதியிருந்தார்கள். நான் வரவில்லை என்று அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். கோயிலில் கல்யாண ஓலை எழுதும்போது ஃபாதர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டாராம். இல்லை ஃபாதர், சம்மதம் என்றாளாம். மூன்று ஞாயிறும் பூசையில், இன்னாருக்கு இன்னார் என்று ஓலை வாசித்தாயிற்று. ஸ்டெல்லாவின் வருஷப் பூசை வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மே மாசத்தில் நாள் குறித்தார்கள்.

மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு தாயும் மகளும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ரஃபத் ஜஹான் வீட்டுக்குப் போனார்கள். வெயில் என்றால் சாதாரண வெயிலா? பாலாற்று மணல் பக்கம் பார்க்க முடியவில்லை, கண் கூசியது. காற்று திரும்பியிருந்ததால் தோல் நாற்றம் சந்து வரைக்கும் வந்திருந்தது. பிலோமினா வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். எல்லாம் உன் இஷ்டம், எந்த மாடல் வேணுமோ எடுத்துக்கோ, அம்மா குறுக்கே பேச மாட்டேன் என்றாள். மாப்பிள்ளையை இவளே தீர்மானித்தாள், கல்யாண நாளையும் இவளே தீர்மானித்தாள். நெட்டை மட்டும் மகளின் இஷ்டத்துக்கு விட்டதில் அவளுக்கு மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது.

ரஃபத் ஜஹானுக்கு இவர்களைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. பாப்பாவை வாங்கி முத்தம் கொடுத்து, ஃபேனுக்குக் கீழே பாயை விரித்து உட்காரவைத்தாள். ஸ்டெல்லா பேரை அவளும் எடுக்கவில்லை, இவர்களும் எடுக்கவில்லை. பீரோவைத் திறந்து நெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் பரப்பினாள். தலைக்கு மேலே கிரீடம் வைத்துப் புஸ்ஸென்று நிற்கிற பழைய மாடல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மேண்டிலா. மேண்டிலாவுக்குக் கிரீடமும் கிடையாது, சுருக்கும் கிடையாது. கொண்டையில் ஒரு சீப்பைக் குத்திவிட்டால் ஒற்றை மடிப்பாகத் தலையில் படிந்து, கன்னத்து ஓரமாக இறங்கி, முழங்கை தாண்டித் தொங்கும். ஓரம் பூராவும் பூவேலை. முகத்தைச் சுற்றி அந்தப் பூதான் தெரியும்.

ஸ்டெல்லாவுக்கு எடுத்ததும் மேண்டிலாதான். எங்கள் கோயிலில் முதல் மேண்டிலா. அதைத் தேர்ந்தெடுத்தது யாரென்று நினைக்கிறீர்கள்? இதே ஜெனிஃபா. அப்போது பதினேழு வயசு. உள்ளே வந்த ஐந்தாவது நிமிஷம், இதாங்க்கா, இதேதான், என்று இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு, பீரோக் கண்ணாடி முன்னால் நின்று இப்படியும் அப்படியும் ஆடினாள். கிழிச்சுடாத பேட்டி, உனக்கு இதைவிட ஜாஸ்தி பூப்போட்டுத் தரேன் என்று ரஃபத் ஜஹான் சிரித்தாள். சின்னப் பெண்கள் எல்லாரும் அவளுக்கு பேட்டி, மகள்; எங்கள் ஆட்களுக்கு அவள் ஆப்பா, அக்கா. பாப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அந்த நெட்டை வெட்டித்தான் கவுன் தைத்தார்கள்.

இன்றைக்கு ஜெனிஃபா எதையும் தலையில் போடவில்லை. ஒரு நெட்டை எடுத்தாள், மடியில் வைத்தாள், ஓரத்தைப் பிடித்து விரலால் நெருடிக்கொண்டே போனாள். கைப்பையைத் திறந்து ஒரு சின்ன ரோலை எடுத்தாள். அதிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து நெட்டில் ஒட்டினாள்.

அது அவளுடைய வேலை. ஷூ கம்பெனியில் அவள் செக்கிங். லைனின் கடைசியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு ஜோடியையும் எடுத்துப் பார்த்து, தையல் தவறினதோ தோலில் கீறலோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அம்பு ஒட்டின ஷூ டப்பாவுக்குள் போகக் கூடாது. அந்த ரோல் எப்போதும் அவள் பையில் கிடக்கும்.

"இங்க ஒரு தையல் தாண்டிக்கீது ஆப்பா" என்றாள்.

ரஃபத் ஜஹான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். தாண்டித்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே அடுத்ததைக் கொடுத்தாள். அதில் வலது பக்கத்துப் பூவும் இடது பக்கத்துப் பூவும் ஜோடி சேரவில்லையாம். ஜோடி பார்த்துப் பார்த்துப் பழகின கண். மூன்றாவதில் ஒரு மஞ்சள் கறை, கடுகளவு. நான்காவதில் நூல் தொய்வு. ஐந்தாவதில் முடிச்சு வெளியே தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்பு. கோபமாகச் செய்யவில்லை, வெறுப்பாகவும் இல்லை. கம்பெனியில் செய்கிற மாதிரியே முகத்தில் ஒன்றுமில்லாமல் செய்தாள். பாப்பா அம்பைப் பிடுங்கக் கையை நீட்டியது.

"எங்க கம்பெனில இதெல்லாம் போவாது" என்றாள் ஜெனிஃபா.

"அரே பேட்டி, அது காலுக்குப் போட்றது. இது தலைக்கு" என்றாள் ரஃபத் ஜஹான். பிலோமினா சத்தமாகச் சிரித்தாள், இதோடு சரியாகிவிடும் என்று நினைத்தாள். ஜெனிஃபா ஆறாவதை எடுத்தாள். அதற்குமேல் ரஃபத் ஜஹானும் சிரிக்கவில்லை.

சாயா போடுகிற சாக்கில் ரஃபத் ஜஹான் பிலோமினாவை உள்ளே கூப்பிட்டாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, பாலை ஊற்றாமல் நின்றாள்.

"பிலோமினாமா, அந்தப் பொண்ணு நெட்டைப் பாக்கல. கையால போட்ற வேலைல குறை இல்லாம இருக்காது, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவ வேணாம்னு சொல்ல வழி தேட்றா."

"கல்யாணம்னா எந்தப் பொண்ணுக்கும் பயம் இருக்கத்தானே ஆப்பா செய்யும்."

"பயம் வேற. எத்தினி பொண்ணுங்க தலைல நான் போட்டுப் பாத்திருக்கேன். பயந்த பொண்ணு கண்ணாடியப் பாக்கும். இவ ஒரு தடவ கூட கண்ணாடிப் பக்கம் திரும்பல."

பிலோமினாவுக்குச் சுருக்கென்றது. உடனே கோபமும் வந்தது. பாப்பாவை நான் பள்ளிகொண்டாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டாள்.  ரஃபத் ஜஹானும் பேத்தி எடுத்தவள்தானே. புதுசா ஒண்ணு போட்டுத் தரேன், பத்து நாள் கொடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாலை ஊற்றினாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஜெனிஃபா, பையைக்கூட வைக்காமல் வாசல்படியில் உட்கார்ந்தாள். பிலோமினா களி கிண்டிக்கொண்டிருந்தாள். முருங்கைக்கீரைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என்னடி என்று கேட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு மகள் தானாகப் பேசினாள்.

இன்றைக்கு ஷிப்மெண்டாம். எழுபத்திரண்டு ஜோடியை இவள் நிறுத்தி வைத்திருந்தாளாம், எல்லாவற்றிலும் அம்பு. கன்டெய்னர் வாசலில் வந்து நிற்கிறது, சாயங்காலத்துக்குள் சென்னைத் துறைமுகம் கிளம்ப வேண்டும். சூப்பர்வைசர் வந்தானாம். அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு ஷூவாக எடுத்து அம்பை நகத்தால் உரித்து, டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டானாம். எழுபத்திரண்டையும். இவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம்.

பிலோமினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷம் அதே தொழிலில் இருந்தவள். "அவன் கை அழுவிப் போவ. ஒட்டி வச்சதை உரிக்க மனசு எப்படிடி வந்துது அவனுக்கு? கண்ணுக்கு நேரா பழுது தெரிதுல்ல?"

"தெரியும்மா. அவரு என் மூஞ்சியப் பாத்துனேதான் உரிச்சாரு. கன்டெய்னர் நிக்குதும்மா, நான் இன்னாம்மா பண்ணுவேன்னு சொன்னாரு."

"அப்ப அது அப்படியே போயிடுமா?"

"ஸ்டிக்கரை உரிச்சா பழுதா போயிடும்? மூணு மாசத்துல பெட்டி பெட்டியா திரும்பி வரும். அப்ப என்னைக் கூப்பிட்டு, நீ எங்க பாத்துனு இருந்தேன்னு கேப்பாங்க."

"நான் ஒட்டுனேன்னு சொல்லு."

"ஒட்டுனதுக்கு இன்னா சாட்சி இருக்குது? ஸ்டிக்கர்தான் இல்லியே" என்றாள் ஜெனிஃபா. எழுந்து போய் முகம் கழுவினாள். பிலோமினா வெகுநேரம் அந்த சூப்பர்வைசரைத் திட்டிக்கொண்டே களியைக் கிண்டினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏசுராஜ் வந்தான். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, தோல்ஷாப் உப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதனால் வாரம் இரண்டு கேன் குடிதண்ணீர் அவன்தான் கொண்டுவந்து இறக்குவான். இறக்கிவிட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். பாப்பா தத்தித் தவழ்ந்து போய் அவன் காலைப் பிடித்தது. முன்னெல்லாம் அவன் வந்தால் ஜெனிஃபா வெளியே ஓடிவந்து கேலி பண்ணுவாள். நீல நகத்தைக் காட்டி, மாமா நெயில்பாலிஷ் சூப்பர் என்பாள். இப்போது அவன் வண்டிச் சத்தம் கேட்டதுமே அடுப்படிக்குள் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறாள்.

ஏசுராஜ் பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அத்தே, ஒண்ணு கேக்கணும். ஜெனிக்கு இதுல இஷ்டந்தானா?"

பிலோமினா தைத்துக்கொண்டிருந்த ஷூவைக் கீழே வைக்கவில்லை.

"அதுக்கு மனசு இல்லன்னா சொல்லிடுங்க. அக்கா இன்னா கத்துனாலும் நான் பாத்துக்கறேன். பாப்பா உங்ககிட்டயே இருக்கட்டும். நான் ஒண்டியா இருந்துக்குவேன். ஸ்டெல்லா இருந்த வூட்ல இன்னொருத்தர எனக்கும்தான் நெனச்சிப் பாக்க முடில."

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோயிற்று. குழாய்ச் சத்தமும் நின்றுபோயிற்று. 

பிலோமினா யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். இன்றைக்கு இப்படிச் சொல்கிறான், நல்லவன்தான். இரண்டு வருஷம் போனால்? ஒண்டியாக எந்த ஆம்பிளை இருந்திருக்கிறான்? ரெஜினா விட்டுவிடுவாளா? பெத்த அப்பன் கேட்டால் குழந்தையைக் கொடுக்க மாட்டேன் என்று இவளால் சொல்ல முடியுமா? மூன்று ஓலையும் வாசித்தாயிற்று. நாளைக்குக் கோயிலில் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுவார்கள், ஜெனிஃபாவை அதற்குமேல் எவன் கேட்டு வருவான்? மடியில் பாப்பா அவனுடைய சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது, அப்படியே ஸ்டெல்லா.

"இஷ்டந்தான் தம்பி. வெக்கப்படுது" என்றாள் பிலோமினா.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் மறுபடி கேட்டது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ரஃபத் ஜஹான் ஆள் அனுப்பினாள். போனார்கள். புது நெட்டைப் பிரித்துப் பாயில் போட்டபோது பிலோமினாவுக்கே மூச்சு நின்றது. ஓரம் முழுக்க மல்லி அரும்பு, ஒவ்வொரு அரும்புக்கும் ஒரு காம்பு, காம்புக்கு ஒரு இலை. வெள்ளை மேலே வெள்ளை நூல். தொட்டால்தான் தெரியும், தூரத்திலிருந்து பார்த்தால் வெளிச்சம் மட்டும் தெரியும். பத்து நாளும் தானே தனியாக உட்கார்ந்து போட்டதாக ரஃபத் ஜஹான் சொன்னாள்.

ஜெனிஃபா பார்த்தாள். ஓரத்தை விரலால் நெருடவில்லை. முழுசாகப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பையைத் திறக்கவே இல்லை. "பாஸ்" என்றாள்.

பிலோமினாவுக்கு ஒரு இடம் கண்ணில் பட்டுவிட்டது. இடது பக்கம், கன்னத்துக்குப் பக்கத்தில் வருகிற இடத்தில் ஒரு காம்பும் இலையும் இருந்தன, அரும்பு இல்லை. மகளைப் பார்த்தாள். கடுகளவுக் கறையைக் கண்டுபிடித்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் விட்டுவிட்டாள் என்றால் மனசு ஆறிவிட்டது, ஒத்துக்கொண்டுவிட்டாள் என்றுதானே அர்த்தம்? பிலோமினாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாதாவே உனக்குக் கோடி நன்றி என்று அங்கேயே மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஜெனிஃபா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு செருப்பு மாட்ட வெளியே போனதும் ரஃபத் ஜஹான் பிலோமினாவின் கையைப் பிடித்தாள்.

"அந்த ஒரு அரும்பை நான் வேணும்னேதான் விட்டேன். அவ கண்டுபிடிச்சிக் கேப்பா, சிரிச்சினே போட்டுத் தரலாம்னு இருந்தேன். அன்னிக்குக் குறை சொன்னப்ப எனக்கு இவ்ளோ பயம் இல்ல, பிலோமினாமா. இப்பதான் பயமா இருக்குது."

பிலோமினா கையை இழுத்துக்கொண்டாள். ரஃபத் ஜஹான் நெட்டை எடுத்து மடியில் வைத்து, ஊசியில் நூல் கோத்தாள், அந்த அரும்பைப் போட்டுவிட. வெளியிலிருந்து ஜெனிஃபா எட்டிப் பார்த்தாள்.

"வேணாம் ஆப்பா. இருக்கட்டும்" என்றாள்.

கல்யாணத்தன்று காலை ஒன்பது மணிக்கே வெயில் சுட்டது. கோயில் முகப்பில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். உள்ளே பெஞ்செல்லாம் நிறைந்துவிட்டது. தோல்ஷாப் ஆட்கள் ஒரு பக்கம், ஜெனிஃபாவோடு செக்கிங்கில் இருக்கிற பெண்கள் ஒரு பக்கம். ரஃபத் ஜஹானும் வந்து வெளியே வேப்பமரத்து நிழலில் நின்றிருந்தாள். ஏசுராஜ் பீடத்துக்கு முன்னால் புதுச் சட்டையில் வியர்த்துக்கொண்டு நின்றான். நகத்து நீலத்தை என்ன தேய்த்தும் போக்க முடியவில்லை. பதினொரு மணிக்கு ஃபாதருக்கு இன்னொரு கல்யாணம் இருந்தது. கோயில் உபதேசியார் இரண்டு தடவை வந்து, பொண்ணை வரச் சொல்லுங்க, ஃபாதர் ரெடி என்று சொல்லிவிட்டுப் போனார்.

முகப்புக்குப் பக்கத்துச் சின்ன அறையில் பிலோமினா மகளுக்கு நெட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரையும் உள்ளே விடவில்லை. கொண்டையில் சீப்பைக் குத்தினாள். நெட்டு தலையில் படிந்து கன்னத்தின் ஓரமாக இறங்கியது. அரும்பு இல்லாத இடம் இடது கன்னத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஜெனிஃபாவின் முகத்தில் பவுடரும் வியர்வையும் தவிர ஒன்றுமில்லை. நெட்டின் முன்பக்கத்தைச் சரிசெய்ய அதைக் கொஞ்சம் விலக்கினபோதுதான் பிலோமினா பார்த்தாள்.

ரவிக்கையின் கழுத்தோரத்துக்கு மேலே, காறை எலும்புக்குக் கீழே, தோலில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. முனை உள்பக்கம் பார்த்து இருந்தது, நெஞ்சைப் பார்த்து.

பிலோமினாவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அம்பு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இருபது வருஷம் அந்தத் தொழிலில் இருந்தவள். இங்கே பழுது. இது டப்பாவுக்குள் போகக் கூடாது. திருப்பி அனுப்பு. வாயால் சொல்ல முடியாததை மகள் தனக்குத் தெரிந்த ஒரே வழியில், தாய்க்கு மட்டும் தெரிகிற இடத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஜெனிஃபா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓலை வாசித்த நாளிலிருந்து அம்மாவை அவள் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

கதவுக்கு வெளியே பாப்பா அழுதது. ரெஜினா அதை இடுப்பில் வைத்து, அழுவாத அழுவாத, அம்மா வந்துடும் என்று ஆட்டிக்கொண்டிருந்தாள். கீபோர்டில் நுழைவுப் பாட்டின் முதல் அடியை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உபதேசியார் மூன்றாவது தடவை கதவைத் தட்டினார். உள்ளே அவ்வளவு பேர், அடுப்பில் அவ்வளவு சோறு, பீடத்துக்கு முன்னால் நிற்கிற அந்த மனுஷன்.

பிலோமினா கட்டைவிரல் நகத்தால் அம்பின் ஓரத்தைக் கிள்ளினாள். மடிப்பு மேஜையில் பசை உரித்த நகம், ஒரே இழுப்பில் வந்துவிட்டது. வியர்வையில் அந்த இடம் லேசாகச் சிவந்திருந்தது. அதன்மேல் நெட்டை இழுத்துவிட்டாள். அதைச் செய்யும்போது மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் செய்தாள்.

"எடுத்துட்டியாமா?" என்று கேட்டாள் ஜெனிஃபா.

"பாட்டு ஆரம்பிச்சிட்டாங்கடி. நான் இன்னா பண்ணுவேன்" என்றாள் பிலோமினா.

ஜெனிஃபா தலையை ஆட்டினாள். தானாகவே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அவளைப் பார்த்ததும் பாப்பா கையை நீட்டி அழுகையை நிறுத்தியது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். மேண்டிலா எவ்ளோ அழகா உக்காந்திருக்குது பாரு, அக்காளோடதைவிட இது நல்லா இருக்குது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். மரத்தடியில் ரஃபத் ஜஹான் நெட்டைப் பார்க்கவில்லை, பிலோமினாவைப் பார்த்தாள்.

முழுமனச் சுதந்திரத்தோடு வந்திருக்கிறாயா என்று ஃபாதர் கேட்டார். ஆம் ஃபாதர் என்ற ஜெனிஃபாவின் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது. தடுமாற்றமே இல்லை.

பிலோமினா முதல் வரிசையில் நின்றிருந்தாள். அம்பு அவள் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. சேலையில் தேய்த்தாள், பெஞ்சின் ஓரத்தில் தேய்த்தாள், போகவில்லை. ஷூவாக இருந்தால் மூன்று மாசத்தில் திரும்பி வரும். யார் உரித்தது என்று என்றைக்காவது யாராவது கேட்பார்கள். இதை யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

மணி அடித்தது. அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து முழந்தாளிட்டாள்.